தோற்ற ஆட்டத்துக்கு ஒரு சாட்சி

சித்தப்பா மலேசியாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்த காலத்தில், அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். அங்கே தினமும் மழை பெய்யும். அங்கே புல்தரையில் ஹாக்கி ஆடுவார்கள். இரண்டையும் நான் முழுசாக நம்பவில்லை. கோவில்பட்டியில் ஹாக்கி என்றால் சரளைக்கல் கிடக்கும் மைதானத்தில் ஆடுவது. விழுந்தால் முழங்கால் தோல் மைதானத்துக்குச் சொந்தம். சித்தப்பாவின் முழங்கால்கள் இரண்டும் அப்படித்தான் இருந்தன. முதலில் ஒரு கம்பெனி அணிக்கு ஆடத்தான் அவரைக் கூட்டிப் போனார்கள். கால் ஒத்துழைக்காமல் போனதும் ஒரு பள்ளிக்கூடம் அவரைப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டது.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அத்தை, சிறுமியான நான். அத்தை என்றால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தங்கை. எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லும் தொழிற்சாலையில் அப்பா கணக்குப் பார்த்தார். அம்மாவும் அத்தையும் வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினார்கள். நான் பயப்பட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் அந்த வயதில் என் முழுநேர வேலை. மழை வந்தால் வீடு ஒழுகுமோ, வராவிட்டால் கிணறு வற்றுமோ, அப்பா வர நேரமானால் ஆபீசில் தீப்பிடித்திருக்குமோ. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நானும் அதே ஆபீசுக்குப் போன பிறகும் அந்த வேலை மட்டும் விட்டுப்போகவில்லை.

சித்தப்பா ஞாயிறுதோறும் மதியம் தெருமுனை எஸ்டிடி பூத்துக்குப் போன் போடுவார். பூத் அண்ணாச்சி ஆளனுப்புவார். நாங்கள் கோயிலில் இருந்து வந்து சாப்பிடாமல் காத்திருப்போம். போனில் சித்தப்பா சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான். மலாய்ப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய் வரும் வரைக்கும் பயிற்சி கிடையாது. நோன்பு மாதத்தில் அவர்கள் தண்ணீர் குடிக்காமல் ஓடுவதால், இவரும் அவர்கள் முன்னால் தண்ணீர் குடிப்பதில்லை. ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து, அவரவர் சாமியை அவரவர் நினைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தான் மட்டும் சத்தமில்லாமல் ஜெபம் பண்ணுவாராம்.

"நம்ம ஜெபத்தைச் சத்தமா பண்ணப்பிடாதோ? என்ன வெக்கம்?" என்று அப்பா கேட்டார்.

"வெக்கம் இல்லண்ணே. அதுக நாளைக்கு வீட்ல போயி, வாத்தியாரு நம்மள மாத்தப் பாக்காருன்னு சொல்லிரும். அப்புறம் நான் நடந்து காட்டுதத யாரு பாப்பாவ?"

அப்பாவுக்கு அந்தப் பதில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அந்த வருஷம் சித்தப்பாவின் பிள்ளைகள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அதே சமயம் அத்தைக்கு நாகலாபுரம் பக்கத்தில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நூல்மில்லில் வேலை பார்த்தார். அவருடைய அம்மா அந்த ஊர் சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. இரண்டு பக்கமும் பேசி முடித்துக்கொண்டிருந்தவர் உபதேசியார். சபைக்காரர்களை வீடு வீடாகப் பார்த்து ஜெபம் பண்ணுவதும், கல்யாணத்துக்குப் பெண் மாப்பிள்ளை சொல்வதும் அவருக்கு ஒரே நடையில் முடிகிற வேலைகள். பெண்ணின் அண்ணன் மலேசியாவில் இருக்கிறார், மாப்பிள்ளைக்கும் அங்கே ஒரு வழி பிறக்கும் என்று அவர்தான் அந்த வீட்டில் சொல்லி வைத்திருந்தார். அத்தைக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. அதற்கு முன்னால் வந்த இடங்கள் எல்லாம் காப்பியோடு போய்விட்டன.

இறுதி ஆட்டம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். முடிவு எங்களுக்கு ஞாயிறு மதியம்தான் தெரியும். ஆனால் முந்தின வாரம் ஜெபக்கூட்டத்துக்கு வந்திருந்த வெளியூர்ப் பிரசங்கியார், விசுவாசம் என்றால் கிடைப்பதற்கு முன்னாலேயே நன்றி சொல்வது என்று பேசிவிட்டுப் போயிருந்தார். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை போடுகிறவர்கள் கவர் மேல் காரணத்தை எழுதுவார்கள். பிள்ளை பிறந்தது, காய்ச்சல் சுகமானது, மாடு கன்று போட்டது என்று எல்லாவற்றையும் ஐயர் மைக்கில் வாசித்து ஜெபம் பண்ணுவார். குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வோம். அந்த ஞாயிறு காலையில் அப்பா கொடுத்த கவரை ஐயர் வாசித்தார். மலேசியாவில் தம்பியின் அணிக்குக் கர்த்தர் ஜெயம் கொடுத்ததற்காக.

சபையில் பாதிப்பேர் ஹாக்கி மட்டை பிடித்தவர்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்து சத்தமாக ஸ்தோத்திரம் கிளம்பியது. வெளியே வந்ததும் அப்பாவின் கையைப் பிடித்து எல்லாரும் குலுக்கினார்கள். உபதேசியார் நாகலாபுரத்துக்குச் சொல்ல அப்போதே கிளம்பிவிட்டார்.

மதியம் போன் வந்தது. நானும் அப்பாவும் போயிருந்தோம். அப்பா ரிசீவரைக் காதில் வைத்துக் கடைசிவரை கேட்டார். பிறகு, "சரி, விடுல," என்றார். போனை வைத்துவிட்டு வெளியே வந்தவர், தெரு திரும்பும் முன்னால் நின்றார்.

"ஏட்டி, யாருகிட்டயும் வாயத் தொறக்காத."

அன்றைக்கு எனக்கு வந்த பயம் புதுவிதமானது. செய்யாத காரியத்துக்கு இயேசப்பா நன்றி வாங்கிக்கொண்டாரே, இப்போது அவர் என்ன செய்வார்? திருப்பிக் கொடுப்பாரா, இல்லை நாங்கள் பொய் சொன்னோம் என்று கோபப்படுவாரா? அம்மாவிடம் கேட்டேன். "பேசாம பசையக் கிண்டு," என்றாள்.

தப்பைத் திருத்த அப்பாவுக்கு நாள் கிடைக்காமல் இல்லை. ஆனால் திங்கட்கிழமையே ஆபீஸ் முதலாளி எல்லாருக்கும் கடலை மிட்டாய் கொடுத்துவிட்டார். அவர் கோயில் சபை என்றில்லாத ஆள். நம்ம ஊர்ப் பையன் அயல்நாட்டில் ஜெயித்துவிட்டான் என்ற சந்தோஷம்தான் அவருக்கு. மிட்டாயைத் தின்று முடித்தவர்களிடம் போய், தோற்றுவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? அப்பாவும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சித்தப்பா லீவில் வந்தார். அவர் வந்தவுடனே ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்து, வரும் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் நின்று சொல்வதுதான் சாட்சி. நான் கேட்ட வரைக்கும் எல்லாச் சாட்சியும் ஒரே மாதிரி போகும். கஷ்டம் வரும், ஜெபம் பண்ணுவார்கள், நல்லதாக முடியும். அதே ஞாயிறன்று மாப்பிள்ளை வீட்டாரும் எங்கள் கோயிலுக்கு வந்து, பெண்ணைப் பார்த்துவிட்டு, மதியம் எங்கள் வீட்டில் சாப்பிடுவதாக ஏற்பாடு.

ஐயர் போனதும் அப்பா நடந்ததைச் சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம்," என்றார் அப்பா. "பொதுவா, கர்த்தர் இம்மட்டும் நடத்துனாருன்னு சொல்லிட்டு எறங்கிரு. அது உண்மதான?"

"உண்மதான்," என்றார் சித்தப்பா.

ஞாயிறு காலையில் பெண்கள் பக்கம் அத்தைக்கு முன் வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார். அடிக்கடி திரும்பி அத்தையைப் பார்த்துக் கொஞ்சமாகச் சிரித்தார். அத்தை எந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா வெள்ளைச் சட்டையில் மைக்குக்கு முன்னால் போய் நின்றார். அவர் அப்பா சொன்னபடிதான் தொடங்கினார். கர்த்தர் இம்மட்டும் நடத்தினார். அதோடு இறங்கிவிடுவார் என்று நான் மூச்சை விட்டேன். அவர் இறங்கவில்லை.

"எங்க அண்ணன் விசுவாசத்துல ஸ்தோத்திரம் சொல்லிட்டாவ. ஆனா நாங்க தோத்துட்டோம்," என்றார்.

ஆண்கள் பக்கத்தில் தலைகள் அப்பாவைத் தேடித் திரும்பின.

"கடைசி நேரத்துல எங்க பையன் ஒருத்தன் ஒரு கோல் போட்டான். சர்தார் வீட்டுப் பையன், தலையில துணி கட்டியிருப்பான். அடிக்கதுக்கு முன்னால பந்து அவன் கால்ல பட்டுட்டு. கால்ல பட்டா கோல் செல்லாது, உங்களுக்குத் தெரியும். அம்பயர் பாக்கல. கோல்னு விசில் அடிச்சிட்டாரு. பையன் என்னைத் திரும்பிப் பாத்தான். சொல்லவா வேண்டாமான்னு கேக்கான். நான் கண்ண மூடிக்கிட்டேன். ஜெபம் பண்ணுதேன்னு அவன் நெனச்சிருப்பான். ஜெபம்தான் பண்ணுனேன். அம்பயருக்கு யாரும் சொல்லிறக் கூடாது ஆண்டவரேன்னு."

ஆண்கள் பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

"நான் கண்ணத் தொறக்கும்போது அவன் அம்பயர்கிட்ட நிக்கான். கோலை ரத்து பண்ணிட்டாவ. அப்புறம் எதிரணிக்காரவ ஒண்ணு போட்டு ஜெயிச்சிட்டாவ. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலயும், பாக்க ஆளில்லாட்டியும் மேல இருந்து ஒருத்தர் பாக்காருன்னு அதுகளுக்குச் சொன்னது நான். அவன் நம்ம மார்க்கம் இல்ல. ஆனா அவன் அதை நம்பிட்டான். இப்படித் தோத்தப்புறம் பள்ளிக்கூடத்துல என்னைத் திரும்பக் கூப்பிடுவாவளான்னு தெரியல. கூப்பிட்டாப் போவேன். அந்தப் பையன் மொகத்த நான் இன்னும் நேராப் பாக்கல. எனக்காக ஜெபிச்சுக்கோங்க."

இறங்கி வந்துவிட்டார். சாட்சி முடிந்தால் எழும் ஸ்தோத்திரம் எழவில்லை. எந்த இடத்தில் சொல்வது என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஐயர் பாட்டுப் புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டிவிட்டு, கடைசியில் எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு பாட்டை எடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா அதன் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனாலும் சாப்பிட வந்தார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு நன்றாக இருப்பதாகவும் சொன்னார்கள். மாப்பிள்ளை தலை நிமிராமல் சாப்பிட்டார். அவருடைய அம்மா மட்டும் ரசத்துக்கு வரும்போது சித்தப்பாவிடம் கேட்டார்.

"அப்பம் அங்கன வேலை நிச்சயம் இல்லையோ தம்பி?"

"இல்லம்மா. ஸ்கூல் தொறந்தாத்தான் தெரியும்."

"கர்த்தர் பாத்துக்கிடுவாரு," என்று சொல்லி மோருக்கு இலையைக் காட்டினார்.

அவர்கள் பஸ் ஏறியதும் அப்பாவின் சத்தம் தெருவுக்குக் கேட்டது.

"ஏலே, உண்மையச் சொல்லணும்னா அறைக்குள்ள முழங்கால் போட்டுச் சொல்லப்பிடாதா? மைக்லதான் சொல்லணுமோ?"

"நீங்க ஜெயிச்சோம்னு மைக்லதானண்ணே சொன்னீய?"

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீஸ் பக்கம் போனார். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாது.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் அம்மா வழியாகப் பேசிக்கொண்டார்கள். அத்தை வழக்கத்தைவிட அதிகமாகப் பெட்டி ஒட்டினாள். நாகலாபுரத்தில் இருந்து ஏதாவது வந்துவிடும் என்று நான் ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலுக்குப் போனேன். கடைசியில் உபதேசியார் வந்தார். வந்ததும் ஜெபம் பண்ணினார். ஜெபம் முடித்த பிறகும் வெகுநேரம் குடையை மடக்கி விரித்துக்கொண்டிருந்தார்.

"அவிய உபவாசம் இருந்து ஜெபிச்சுப் பாத்தாவளாம்," என்றார். "கர்த்தர் உத்தரவு குடுக்கலியாம். உங்க மேல ஒரு வருத்தமும் இல்லன்னு சொல்லச் சொன்னாவ. பிள்ளைக்கு ஏத்த இடத்த அவரே காட்டுவாராம்."

அப்பா தலையசைத்தார். அம்மா உபதேசியாருக்குக் காப்பி கொடுத்தாள். சித்தப்பா எழுந்து போய் அத்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"என்னாலதான்," என்றார்.

அத்தை ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியை முடித்து வெயிலில் வைத்தாள். "அந்த வீட்டுக்குப் போனப்புறம் இந்தப் பொய் தெரிஞ்சிருந்தா, என்னையில்ல அவிய குத்திக் கேட்டுக்கிட்டு இருந்திருப்பாவ," என்றாள். பிறகு கேட்டாள். "சின்னண்ணே, அந்தப் பையனை இனிமே ஆட்டத்துக்குச் சேப்பாவளா?"

"நான் போனாச் சேப்பேன்."

"அப்பம் போயிட்டு வா."

பள்ளிக்கூடம் கூப்பிட்டது. ஒரு வருஷத்துக்கு மட்டும், சம்பளத்தைக் குறைத்து. சித்தப்பா போனார். அத்தைக்குக் கல்யாணம் முடிய இன்னும் வெகுகாலம் ஆனது.

உபதேசியார் வந்து போன அன்றைக்கு நான் அத்தையிடம் கேட்டேன், இயேசப்பா ஏன் இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொன்னார் என்று. சித்தப்பா உண்மையைச் சொன்னதற்கு அவர் சந்தோஷம்தானே பட்டிருக்க வேண்டும். அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அவருகிட்டயே கேளு ஏட்டி," என்றாள்.

நான் கேட்டேன். தினமும் விளக்கு வைத்ததும் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும். அப்பா சத்தமாக ஜெபிக்கும்போது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நாகலாபுரத்தாருக்குச் சொன்ன பதிலை எப்படியாவது மாற்றிச் சொல்லும்படி அவரிடம் கெஞ்சினேன். பல மாதம் கெஞ்சினேன். அவர் சொல்லாத ஒன்றை அவரே மாற்றிச் சொல்ல முடியாது என்று அப்போது எனக்குத் தெரியாது.