ஆணையில் இல்லாத பூ

பிலோமினா மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, அரசு அனுப்பிய திருத்தப்பட்ட பராமரிப்பு ஆணை என் கையில் இருந்தது. காலை பத்தரை மணி இருக்கும். ரெட்டியார்சத்திரத்துக்கு அருகே வெட்டவெளியில் தகரக் கூரை போட்டு நிற்கும் எங்கள் ஹெலிகாப்டர் கொட்டகையில், ஆணையின் நான்கு பக்கங்களையும் விரல் வைத்து வரிவரியாகத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்று ஆண்டுகளாக மேடம் கேட்டுவந்த ஒரே ஒரு வரி அதில் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். வரவில்லை. படிவத்தின் எண்ணை மாற்றியிருந்தார்கள்; அலுவலகத்தின் புதிய முகவரியைச் சேர்த்திருந்தார்கள். திருத்தம் என்று அவர்கள் செய்தது அவ்வளவுதான்.

எரிச்சலோடு தாளை மடித்தபோது போன் அடித்தது. மேடத்தின் தம்பி சேவியர். "அண்ணே, அக்கா போயிட்டாங்க" என்றார். அந்த வரி மட்டும் வந்திருந்தால் அன்று மாலையே தாளைக் கொண்டுபோய் மேடத்துக்குப் படித்துக் காட்டலாம் என்றிருந்தேன். இப்போது அதை என்ன செய்வதென்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேடம் ஹெலிகாப்டரின் மின்சாரப் பாகங்களைச் சோதித்துக் கையெழுத்திடும் உரிமம் பெற்ற பொறியாளர். திண்டுக்கல் டவுனில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில், பள்ளி ஆசிரியரின் மகளாகப் பிறந்தவர். கடலுக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஹெலிகாப்டர்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். அம்மாவைக் கவனித்துக்கொள்ள ஊர் திரும்பி, எங்கள் முதலாளியிடம் சேர்ந்தார். முதலாளியிடம் இருப்பது ஒரே ஒரு ஹெலிகாப்டர். அது தேர்தல் வந்தால் தலைவர்களை ஏற்றும், விடுமுறையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும், மற்ற நாளெல்லாம் பூ தூவும். கும்பாபிஷேகமோ, தேர்பவனியோ, பெரிய வீட்டுக் கல்யாணமோ, வானத்திலிருந்து பூ விழாவிட்டால் எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் விசேஷம் நடந்ததாகவே யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

நான் அங்கே இன்ஜின் பக்கத்துப் பொறியாளர். சித்தையன்கோட்டையில் பூ விவசாயம் செய்யும் குடும்பம். மேடத்தைவிட ஏழு வயது மூத்தவன். கடலில் வேலை பார்த்தவர் நமக்கு வந்து சட்டம் சொல்லித்தரப்போகிறாராக்கும் என்ற நினைப்பு முதலில் எனக்கு இருந்தது. அவரும் வந்த முதல் இரண்டு நாள் ஹெலிகாப்டரைத் தொடவே இல்லை. மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அரசு ஆணைகளையும் எங்கள் பதிவேட்டையும் படித்துக்கொண்டே இருந்தார். பரீட்சை எழுதப் போகிறாரா என்று முதலாளி என்னிடம் கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மூன்றாம் நாள் சிரிப்பு நின்றுவிட்டது. சோதனை முடிந்ததும் மூடியின் திருகு மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்போம். பாதி திருகில், பாதி மூடியில் இருக்கும். திருகைத் திருப்பினால் பொட்டு உடைந்துவிடும். போன மாதம் நான் பார்த்ததாகக் கையெழுத்திட்டிருந்த மூடி ஒன்றின் முன்னால் மேடம் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். "அண்ணே, இந்தத் திருகுல பொட்டு பழசா, உடையாமலே இருக்கே. எப்படித் தொறந்து பார்த்தீங்க?" என்றார். அதை அவர் முதலாளியிடம் சொல்லவில்லை. திருப்புளியை எடுத்து என் கையில் கொடுத்து, வாங்க, இப்போது பார்ப்போம் என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அடங்க ஒரு வாரம் ஆனது. நியாயம் அவர் பக்கம் என்பது ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். எங்கள் ஹெலிகாப்டரில் பின் இருக்கைக்குக் கீழே, தரைப் பலகைக்கு அடியில், உள்ளங்கை அளவு கனெக்டர் ஒன்று இருக்கிறது. எரிபொருள் பம்புக்குப் போகும் ஒயர்கள் அதில்தான் சேர்கின்றன. அதில் ஈரம் இறங்கினால் உள்ளே இருக்கும் உலோக ஊசிகள் களிம்பேறிப் பச்சை பிடிக்கும், பம்பு நின்றுபோகும். ஆகாயத்தில் பம்பு நிற்பது தெருவில் மோட்டார் சைக்கிள் நிற்பது போல அல்ல. அதனால் அந்தக் கனெக்டரைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அரசின் கட்டாய ஆணை இருக்கிறது. இத்தனை மணி நேரம் பறந்தபின் ஒருமுறை என்று அது சொல்கிறது. மணலிலோ, கடற்காற்றிலோ, பனியிலோ பறந்தாலும், பூச்சிமருந்து தெளித்தாலும், ஒவ்வொரு முறையும் உடனே பார்க்க வேண்டும். பூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நத்தம் பக்கத்தில் ஒரு கும்பாபிஷேகம். நல்ல கோடை. பூ மூட்டைகள் விடியற்காலையிலேயே வந்து இறங்கிவிட்டன. பூ வாடினால் எனக்குப் பொறுக்காது, வளர்ந்த வளர்ப்பு அப்படி. வீட்டில் செய்வதைப் போலவே செண்டுப்பூவிலும் ரோஜா இதழிலும் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடிவைத்தேன். பூ பறித்த மாதிரியே இருக்கிறதென்று முதலாளி பாராட்டவும் செய்தார். கோபுரத்தை மூன்றாம் முறை சுற்றும்போது பம்பின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பைலட் பதறாமல் ஒரு மாந்தோப்புக்கு அருகே, அறுவடை முடிந்த காட்டில் இறக்கிவிட்டார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கீழே இருந்தவர்கள் சாமி தரிசனத்துக்கு ஹெலிகாப்டரே இறங்கிவிட்டதென்று கைதட்டினார்களாம்.

மேடமும் நானும் காரில் போய்ச் சேர்ந்தோம். அந்தக் காட்டிலேயே இருக்கையைக் கழற்றிப் பலகையைத் தூக்கினார். காற்று உள்ளே திருப்பி அடித்த இதழ்களெல்லாம் பலகை இடுக்கு வழியாக இறங்கி, கனெக்டர் மேல் ஈரமாக அப்பிக் கிடந்தன. ஒன்றை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். தண்ணீர் தெளித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அறிக்கையில உங்க பேரை எழுதுவேன் அண்ணே. எம்பேரையும் எழுதுவேன். இடுக்கு இருக்கது எனக்குத் தெரியும், அதுவழியா பூ எறங்கும்னு நான் யோசிக்கலயே" என்றார். அப்படியே இரண்டு பெயரையும் எழுதினார்.

தண்ணீர் தெளிப்பதை அன்றோடு விட்டேன். ஆனால் நாங்கள் தெளிக்காவிட்டாலும் பூ மார்க்கெட்டில் தெளித்துத்தான் அனுப்புகிறார்கள். பூவுக்குள்ளேயும் ஈரம் இருக்கத்தான் செய்கிறது. ஆகவே பூ தூவிப் பறந்த ஒவ்வொரு முறையும் இந்தக் கனெக்டரைத் திறந்து, துடைத்து, சோதிக்க வேண்டும் என்று ஆணையில் ஒரு வரி சேர்க்கக் கோரி மேடம் எழுதினார். நம்மிடம் மட்டும் இல்லை அண்ணே, பூ தூவுகிற எல்லா ஹெலிகாப்டரிலும் இதே பலகைதான், இதே இடுக்குதான் என்றார்.

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. இணையதளப் படிவத்தில் எந்தச் சூழலில் பழுது ஏற்பட்டது என்ற கேள்விக்கு மணல், உப்புக்காற்று, பனி, பூச்சிமருந்து என்று நான்கே விடைகள். கடைசியில் 'பிற' என்று ஒன்று. மேடம் 'பிற' என்று குறித்தார். நீங்கள் குறிப்பிடும் வகைப் பறத்தல் எங்கள் பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். உள்ளே நுழைந்த அந்நியப் பொருளின் தொழில்நுட்ப விவரம் வேண்டும் என்றார்கள். செண்டுப்பூ, பன்னீர் ரோஜா என்று எழுதி, படத்தையும் இணைத்தார். பல மாதம் கழித்து, கோரிக்கை தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்றும், ஹெலிகாப்டரிலிருந்து பூவை வீசுவதன் நோக்கம் என்ன என்று அவர்கள் கேட்பதாகவும் ஒரு கடிதம். மேடம் அதை இரண்டு முறை படித்தார். பிறகு 'வழிபாடு' என்று ஒரே சொல்லைப் பதிலாக அனுப்பினார். அதற்குப்பின் பதிலே இல்லை.

"ரூல் எழுதுனவுக நம்ம ஊரைப் பார்த்ததில்ல. அது தப்பு இல்ல அண்ணே. சொன்ன பெறகும் எழுதாம இருக்காகளே, அதுதான் தப்பு" என்று ஒருநாள் சொன்னார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

முதலாளி கெட்டவர் அல்ல. ஆனால் இருக்கையைக் கழற்றி மாட்ட இரண்டு மணி நேரம் ஆகும். காலையில் ஒரு ஊர், மதியம் ஒரு ஊர் என்று அவர் வாக்குக் கொடுத்திருப்பார். ஆணையில் இருந்தால் காட்டுங்கள் மேடம், நானே நிறுத்துகிறேன் என்பார். காட்ட மேடத்திடம் எதுவும் இல்லை. ஆனாலும் பூ தூவி இறங்கிய ஒவ்வொரு முறையும் மேடம் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பயணத்துக்கு விடுவார். ஒருமுறை முகூர்த்த நேரம் தவறி, ஒரு கல்யாண வீட்டார் எங்கள் எல்லோரையும் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். மேடம் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். கையில் பிடித்திருந்த துணியில் அன்று எடுத்த இதழ்கள் ஒரு பிடி இருந்தன. அதை அவர்களிடம் காட்டக்கூட இல்லை.

புற்றுநோய் என்று தெரிந்தபோதே காலம் கடந்துவிட்டது. மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். அவருக்குப் பதிலாக வெளியூர்ப் பொறியாளர் ஒருவர் வந்து போனார். ஆணையில் இல்லாததை நான் ஏன் திறக்க வேண்டும் என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். முதல் இரண்டு முறை நானே திறந்து பார்த்தேன். பிறகு என் வேலைக்கே நேரம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். கடைசியாக வீட்டுக்குப் போனபோது மேடம் எலும்பும் தோலுமாக இருந்தார். ஆணை வந்ததா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "வந்தா வரட்டும். நீங்க தொறந்து பார்க்குறீகள்ல? எனக்கு அம்புட்டுப் போதும்" என்றார். பார்க்கிறேன் மேடம் என்றேன். சாகக் கிடந்தவரிடம் நான் சொன்ன பொய் அது.

அடக்கத்தன்று காலை முதலாளி கண் கலங்கி வந்தார். மேடத்தின் கல்லறை மேல் நம் ஹெலிகாப்டர் பூ தூவ வேண்டும் என்றார். சேவியரும் சம்மதித்துவிட்டார், தேவாலயப் பங்கு மக்களுக்கும் சொல்லியாகிவிட்டது. பூ மூட்டைகள் கொட்டகைக்கு வந்து இறங்கிவிட்டன. பறக்க விடலாம் என்ற கையெழுத்து என்னுடையது. முந்தாநாள்தான் அது ஒரு கோவிலுக்குப் பூ தூவி வந்திருந்தது. ஆணைப்படி எல்லாம் சரி.

பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. இருக்கைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். பலகையின் திருகில் மூன்று மாதத்துக்கு முன் நான் வைத்த சிவப்புப் பொட்டு உடையாமல் அப்படியே இருந்தது. திருப்புளியை எடுத்து இருக்கையைக் கழற்றினேன். பலகையைத் தூக்கியதும் அழுகின பூ வாடை அடித்தது. கனெக்டர் மேல் கறுத்துப்போன இதழ்கள் ஒட்டியிருந்தன. இரண்டு ஊசிகளில் பச்சை ஏறியிருந்தது. பறக்கத் தகுதியில்லை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

முதலாளியால் தாங்க முடியவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் விடக்கூடாதாய்யா? மேடத்துக்காகத்தானே" என்றார்.

"மேடத்துக்காகத்தான் சார் நிறுத்துறேன்" என்றேன்.

அவர் அந்த இதழ்களைக் குனிந்து பார்த்தார். காரில் ஏறிப் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் அடிக்கொருதரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபம் முடிந்தும் சத்தம் எதுவும் வரவில்லை. இவ்வளவு சொல்லிவிட்டுக் கடைசியில் ஏமாற்றிவிட்டார்களே என்று ஒரு பெண்மணி என் காதுபடவே சொன்னார். பூ மூட்டைகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். பிரித்து, வந்தவர்கள் கையில் கொடுத்தேன். சேவியரிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, முதல் பிடிப் பூவைக் குழிக்குள் போட்டார். மேலிருந்து விழ வேண்டிய பூவையெல்லாம் நாங்கள் கையால்தான் போட்டோம்.

மறுநாள் புதிய எண் போட்ட அந்தப் படிவத்தைத் திறந்தேன். மணல், உப்புக்காற்று, பனி, பூச்சிமருந்து. 'பிற' என்று குறித்தேன். கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்ற இடத்தில், மூன்று மாதமாகத் திறக்கவில்லை, பொறுப்பு என்னுடையது என்று எழுதி அனுப்பினேன்.

மேடம், பதில் வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. மூன்று ஆண்டு உங்களை அலைக்கழித்தவர்கள் எனக்கு மட்டும் ஓடிவந்து எழுதிவிடப் போவதில்லை. அந்தக் கோபத்தை நான் விடுவதாகவும் இல்லை. புதிய கனெக்டர் மாட்டியாகிவிட்டது. பலகைத் திருகில் சிவப்புப் பொட்டை நானே வைத்தேன். உங்கள் கை வைத்ததைப் போல வட்டமாக வரவில்லை. இனி ஒவ்வொரு பூவுக்கும் அது உடையும். போய் வாருங்கள்.