பரண் மேல் இருந்த உருண்டை

போன செவ்வாய்க்கிழமை நான் ஓடிய ஓட்டத்தில் முழங்கால் இன்னும் வலிக்கிறது.

ஜவ்வாது மலையில் காட்டுப்பன்றிக்கு நாட்டு வெடி வைப்பார்கள். உருண்டையாக நூல் சுற்றி, தீனி பூசிக் கொல்லையோரம் போட்டிருப்பார்கள். பன்றி கடித்தால் வெடிக்கும். குழந்தை எடுத்தால்?

பள்ளிப் பிள்ளைகளை எச்சரிக்கத்தான் ஒரு துண்டுப் பிரசுரம். படமும் வாசகமும் என் பொறுப்பு. திருப்பத்தூர் அச்சகத்தில் படத்துக்கு பிளாக் செய்து, ப்ரூஃப் என்கிற மாதிரிப் படியும் எடுத்தாயிற்று. ஓர் உருண்டை, அதன்மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி, கீழே கொட்டை எழுத்தில் 'தொடாதே!' பிரமாதம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

பிள்ளைகளுக்குப் புரிகிறதா என்று பார்த்துவிட்டு மொத்தமாக அச்சடிக்கலாமே... நெல்லிவாசல் பக்கம் ஓராசிரியர் பள்ளி ஒன்றுக்குப் போனேன். ரூபி டீச்சர் ப்ரூஃபைத் தூக்கிக் காட்டினார்.

"இது இன்னா, சொல்லுங்க?"

"பந்து!"

"லட்டு!"

என் பெருமை அங்கேயே இறங்கிவிட்டது. மல்லிகா என்ற எட்டு வயதுப் பெண் மட்டும் வாயே திறக்கவில்லை. டீச்சர் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"எங்க வூட்ல ஒண்ணு கீது டீச்சர்..."

"வூட்ல எங்க?"

"பரண் மேல. வெறகுக்குள்ள சொருகி வெச்சிருக்கேன்."

பரண் என்றால் அடுப்புக்கு நேர் மேலே. மணி பதினொன்று — களி கிண்டும் நேரம். உள்ளே அவள் அம்மா, இடுப்பில் கைக்குழந்தை.

"பசங்கள வுட்டுட்டு நான் வர முடியாது, நீங்க ஓடுங்க! ஓடைக்கு அந்தாண்ட மொத வூடு!" என்றார் டீச்சர்.

ஓடினேன். வீட்டுக்கு முன்னால் உழுதுகொண்டிருந்தார் மல்லிகாவின் அப்பா வெள்ளையன். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். கலப்பையை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்தார்.

"புள்ளயத் தூக்கினு வெளிய வா! ஒண்ணும் கேக்காத, வா!"

மனைவி குழந்தையோடு வெளியே வந்ததும் அவர் உள்ளே நுழைந்தார். கூரை வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. விறகு ஒவ்வொன்றாக எடுத்துவைக்கும் சத்தம். நின்றது. மறுபடி ஒரு விறகு. அந்த அம்மா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தார்.

வெள்ளையன் வெளியே வந்தார். இரண்டு உள்ளங்கைக்குள்ளும் அது. யாரையும் பார்க்காமல் ஓடைக்கு நடந்து, மடுவின் ஆழத்தில் மெல்ல விட்டார். திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தார்.

"நான் வெச்சதுதாங்க. ஒண்ணு காணோம்... பன்னி தூக்கினு போய்ட்டுச்சுன்னு நெனச்சேன்."

மற்றப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு டீச்சர் மல்லிகாவை அழைத்து வந்தார்.

"எடுத்தன்னிக்கே ஏம்மா சொல்லல?" அப்பா குரலில் கோபமே இல்லை.

"அது வெடின்னு தெரியாதுப்பா. அப்பால பெரிய பசங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. சொன்னா அடிப்பியே..."

அவர் அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

என் கையில் கசங்கிய ப்ரூஃப். 'தொடாதே!' ஏற்கெனவே தொட்டுவிட்ட குழந்தை இதைப் படித்தால் என்ன செய்யும்? இன்னும் நன்றாக ஒளித்துவைக்கும். அவ்வளவுதான்!

மறுநாளே அச்சகத்துக்குப் போய் ஒரு வரி சேர்த்தேன்: 'எடுத்துவிட்டாயா? பயப்படாதே, உடனே சொல். யாரும் அடிக்க மாட்டார்கள்.'

"இந்த வரிக்கு எந்த சைஸ் எழுத்து சார்?" என்று கேட்டார் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்.

அப்பாக்கள் கண்ணில் படுகிற சைஸ் என்றேன்.