ஜெராக்ஸ் கடை ஹசீனா அக்காவும் எங்கள் டிராஜெடி பேப்பரும்

ஹசீனா அக்கா இன்று விடியக்காலையில் தவறிவிட்டார்...

காலேஜ் குரூப்பில் சுமதிதான் போட்டிருந்தாள். நாமக்கல்லில் எங்கள் காலேஜ் கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அக்கா என்றால் எங்கள் செட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன்.

நான் பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர். அதில் டிராமா பேப்பர் என்று ஒன்று. பழைய டிராஜெடி நாடகம் ஒன்றை முழுசாகப் படிக்க வேண்டும். எனக்கு அந்த இங்கிலீஷ் ஒரு வரிகூடப் புரியவில்லை.

முதல் தடவை ஃபெயில்.

அப்பாவுக்கு மோகனூர் பக்கத்தில் கோழிப்பண்ணை. இந்தத் தடவையும் அரியர் விழுந்தால் படித்தது போதும், பண்ணையைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இரு என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்துவிடுகிற ஆள்.

சரி, சீனியர் யாரோ எழுதிய நோட்ஸை மனப்பாடம் செய்துவிடலாம் என்று ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். பாதியில் கரன்ட் போய்விட்டது. அப்போதெல்லாம் பகலில் மணிக்கணக்கில் போகும்.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வருஷா வருஷம் எல்லோரும் இதையேதான் எடுக்கிறீர்கள், இதில் அப்படி என்ன கதை என்று கேட்டார்.

நோட்ஸில் இருந்தபடி ஆரம்பித்தேன். ஹீரோ, அவனுடைய டிராஜிக் ஃப்ளா, அதாவது அவனைக் கவிழ்த்துவிடுகிற குறை...

"அது கெடக்குது கண்ணு. யாரு, யார என்ன பண்ணுனாங்க... அதச் சொல்லு."

தெரிந்த மட்டும் சொன்னேன். அவன் ஒரு படைத்தலைவன். கூடவே இருக்கிறவன் ஒருவன் சொன்ன பொய்யை நம்பி, ஆசைப்பட்டுக் கட்டின மனைவியைத் தன் கையாலேயே கொன்றுவிடுகிறான். அப்புறம் உண்மை தெரிந்து அவனும் செத்துப்போகிறான்.

அக்கா ஸ்டூலை முன்னால் நகர்த்திக்கொண்டார்.

"அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டானா?"

நோட்ஸில் அது இல்லை.

அன்று சாயங்காலம்தான் நாடகப் புத்தகத்தை நிஜமாகப் பிரித்தேன். பக்கத்தில் டிக்‌ஷனரி. அவன் அவளிடம் கேட்கிறானா, அதை மட்டும் தேடினேன்.

கேட்கிறான்... ஆனால் முடிவு பண்ணிவிட்டுத்தான் கேட்கிறான். அவள் சொல்வது எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலேஜுக்குள் நுழைவதற்கு முன்னால் அக்காவிடம் போய் இதைச் சொன்னேன். உடனே அடுத்த கேள்வி. பொய் சொன்னவனுக்கு இதில் என்ன கிடைத்தது?

மறுபடியும் புத்தகம்.

இப்படியே ஒரு மாசம். சுமதியும் சேர்ந்துகொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் சீன் சீனாகச் சொல்வோம், எட்டாவதோடு படிப்பை நிறுத்தின அக்கா பேப்பரை அடுக்கிக்கொண்டே குறுக்குக் கேள்வி கேட்பார். நடுவில் யாராவது ரேஷன் கார்டை நீட்டினால், கொஞ்சம் பொறுங்க, அவன் இப்பத்தான் ஊடு வந்து சேர்ந்திருக்கான் என்பார். வந்தவரும் என்னவோ ஏதோ என்று நின்று கேட்பார்.

மனைவி சாகிற சீனைச் சொன்ன அன்று அக்கா மெஷினை ஆஃப் பண்ணிவிட்டார்.

"எங்கூட்டுக்காரரும் இப்புடித்தான் கண்ணு. எவனோ சொன்னத நம்பிக்கிட்டுப் போயிட்டாரு. என்னைய ஒரு வார்த்த கேக்கல."

அதற்கு முன்னாலும் பின்னாலும் அக்கா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. சுமதி நாடகப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் பட்டா காப்பி எடுக்க வந்தார். அக்கா எழுந்து மெஷினை ஆன் பண்ணினார்...

பரீட்சையில் கதாநாயகனின் வீழ்ச்சிக்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தார்கள். நோட்ஸ் ஞாபகத்துக்கே வரவில்லை. அவள் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதையே ஆறு பக்கம் எழுதினேன். தப்பும் தவறுமான இங்கிலீஷ்.

பாஸ்.

ரிசல்ட் வந்ததும் வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் கடைக்கு ஓடினேன். மார்க் எவ்வளவு என்று அக்கா கேட்கவில்லை.

"அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லைன்னு எழுதுனியா?"

எழுதினேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, புதுப் பேப்பர் கட்டைப் பிரிக்கப் போய்விட்டார்.

இப்போது சேலத்தில் ஒரு காலேஜில் அதே பேப்பரை நான் நடத்துகிறேன். புத்தகத்தைப் பிரிக்க விடமாட்டேன், முதலில் கதை, அப்புறம் உங்கள் கேள்வி என்பேன். பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பாதி நாள் என்னிடம் பதில் இருக்காது.

நாலு வருஷம் முன்னால் எங்கள் பிள்ளைகள் அந்த நாடகத்தைத் தமிழில் போட்டார்கள். அக்காவைக் கூப்பிட்டேன். நாமக்கல்லில் இருந்து தனியாக பஸ் ஏறி வந்துவிட்டார்.

முன் வரிசையில் உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. கடைசி வரிசை, கதவோரம். மேடையில் அந்தப் பொய்க்காரன் வரும்போதெல்லாம் முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி சீனுக்கு முன்னால் எழுந்து வெளியே போய்விட்டார். உடம்புக்கு முடியவில்லையோ என்று பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினேன்.

"நல்லாத்தான் இருக்கறேன் கண்ணு. அந்தப் புள்ள இன்னும் உசுரோடதான இருக்குது... இப்பவே கெளம்பிக்கறேன்."

ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார்.

அதற்கப்புறம் போனில் பேசினதோடு சரி. நேரில் பார்க்கவே இல்லை...

சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து அடக்கம் என்று சுமதி சொல்கிறாள். மத்தியானம் கிளாஸ் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை டைப் பண்ணுகிறேன். ராசிபுரம் தாண்டியாச்சு.

வந்துக்கிட்டே இருக்கறனுங்க அக்கா.