தேய்த்தால் போகாதது

பின்னலைத் தூக்கி மகளின் கழுத்தைக் காட்டினாள் அம்மா.

"பாருங்க டாக்டர், தினமும் நார் போட்டுத் தேய்க்கிறேன். அழுக்கு போவேனாங்குது."

கழுத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. அதன்மேல் தேய்த்துச் சிவந்த கீறல்கள். அது அழுக்கில்லை, எடை கூடிய உடம்பில் சர்க்கரை நோய்க்கு முன்னால் வரும் அடையாளம் என்று டாக்டரம்மாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பத்து வயதுப் பிள்ளை. இப்போதே சொன்னால் தடுத்துவிடலாம்.

இருபது வருஷமாக இதே அறையில் பிள்ளைகளைப் பார்க்கிறாள். முன்பெல்லாம் எடையைப் பற்றித் தயங்காமல் சொல்லிவிடுவாள். போன வருஷம் ஒரு பையனின் அப்பா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மொதல்ல நீங்க கொறைங்க, அப்புறம் எம்பையனப் பத்திப் பேசலாம்" என்றார். வெளியே காத்திருந்தவர்கள்வரை சிரித்தார்கள். அதிலிருந்து வயிறு மறையும்படி நாற்காலியை மேஜையோடு ஒட்டிப் போட்டுத்தான் உட்காருகிறாள்.

"ஸ்கூல்ல என்னை அழுக்கு மூட்டைன்னு கூப்பிடறாங்க ஆன்ட்டி" என்றது பிள்ளை.

டாக்டரம்மா வாயைத் திறந்தாள். மேஜை விளிம்பு வயிற்றில் அழுத்தியது.

"இனிமே தேய்க்காதீங்கம்மா, புண்ணாயிடும். களிம்பு எழுதித் தரேன்."

"அவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன்" என்று அம்மா சிரித்தாள். பிள்ளையும் சிரித்தது.

மறுநாள் டாக்டரம்மா ஒன்பது மணிக்கு வந்தாள். முப்பத்தெட்டுக் குழந்தைகளைப் பார்த்தாள். இருமலுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து எழுதினாள். யாரையும் எடை மெஷினில் ஏறச் சொல்லவில்லை.