நாங்கள் ரூம் என்று சொன்னது

தாராவியில் நாங்கள் குடியிருந்த இடத்தை யாரும் வீடு என்று சொன்னதில்லை. ரூம் என்றே சொன்னோம். வீடு என்பது திருநெல்வேலிப் பக்கம், ஊரில் இருப்பது. அடுப்பும் பாயும் சாமிப் படமும் ஒன்றாகக் கிடந்த அந்த ஒற்றை அறைக்கு ஆங்கிலச் சொல்தான் பொருந்தியது. மாட்டுங்காவில் பள்ளித் தோழியின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, “என் ரூமுக்குப் போகலாம், வா” என்றாள் அவள். நான் எழுந்து வாசலில் செருப்பைத் தேடினேன்.

எங்கள் சந்தில் ரூமை இரவல் கொடுப்பார்கள். அண்ணனுக்குக் கல்யாணம் ஆனபோது, எதிர் ரூம்காரர்கள் தங்கள் ரூமைப் புதுத் தம்பதிக்கு விட்டுவிட்டு, குழந்தைகளோடு எங்களிடம் வந்து படுத்துக்கொண்டார்கள். பின்னால் அவர்கள் மகள் கல்யாணத்துக்கு எங்கள் ரூமை விட்டுக்கொடுத்தோம். யாரும் யாருக்கும் நன்றி சொன்னதாக நினைவில்லை.

அப்பா போனபின், மூச்சிரைப்பு முற்றிய அம்மாவைத் திலக் நகரில் என் பிளாட்டுக்கு அழைத்துவந்தேன். ஜன்னலோரம் கட்டில் போட்ட அறையைக் காட்டி, “இது ஒனக்கே ஒனக்குன்னு ரூம்மா” என்றேன்.

“இம்புட்டு எடத்துல நான் ஒருத்தி கெடந்து என்ன செய்ய?” என்றாள்.

மூச்சு சீரானது, பேச்சு குறைந்தது. கேட்டதெல்லாம் ஒன்றுதான். “என்னைய எப்ப ரூம்ல கொண்டு விடுவ? சாவுறதுன்னாலும் அங்க கெடந்து சாவுதேன்.”

சந்து முழுவதையும் இடித்துக் கட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. அம்மாவிடம் மறைக்கவில்லை. சாமான்களை எடுத்துவர இருவரும் கிளம்பினோம். அம்மா தன் சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். திரும்பிவரும் எண்ணம் அவளுக்கு இல்லை.

எதிர் ரூம் அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “ஏ மைனி, பிளாட்டுக்காரி ஆயிட்ட! நம்ம சந்து இப்ப நாறுமே ஒனக்கு?”

“முன்ன மட்டும் மணத்துச்சாக்கும்? போடி!” அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

பையை மடியில் வைத்தபடி நிலைப்படியில் உட்கார்ந்தாள். “நான் இனி போவ மாட்டேன். இடிக்கிறவன் வாரப்ப வரட்டும். எதுக்க நீ இருக்க, எனக்கென்ன?”

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நாங்க இந்த ஞாயித்துக்கெழம கெளம்புதோம் மைனி. வடாலாவுல வாடகைக்குப் பாத்திருக்கு.”

“எங்களுக்கு ஆண்டாப் ஹில்” என்றாள் பக்கத்து ரூம்காரி, மெதுவாக.

அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். கடைசியில் அத்தையிடம் கேட்டாள்: “அங்க எதுக்க யாரு இருக்கா?”

“யாரும் இல்ல மைனி. செவருதான்.”

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தக் கையையே ஊன்றி எழுந்து, பையை என்னிடம் நீட்டினாள்.

“ஏட்டி, வண்டியக் கூப்பிடு.”