எனக்காக வெளியேறியவர்கள்

எங்கள் கல்லூரிக் கூட்டங்களில் யாரும் 'முடியாது' என்று சொல்வதில்லை. தலைவர் ஒரு முடிவை வாசிப்பார். "அடா பந்தாஹான்?" என்று மலாயில் கேட்பார், எதிர்ப்பு உண்டா என்று. எல்லாரும் எதிரிலிருக்கும் தண்ணீர்ப் போத்தலைப் பார்ப்போம். யாராவது ஒருவர் இருமுவார். "செத்துஜு" என்று தலைவரே சொல்லிவிடுவார். ஏற்றுக்கொண்டாகிவிட்டது. எதிர்ப்பெல்லாம் பிறகு கெண்டினில், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் வெளியே வரும். இத்தனை வருடம் கணிதம் கற்பித்துவிட்டேன், கையை உயர்த்தி ஓட்டுப் போட்ட கூட்டம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. என் மகள் அதில் மாட்டிக்கொள்ளும்வரை அந்த வழக்கம் எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

நாங்கள் குனோங் ராபாட்டில் குடியிருக்கிறோம். கணவருக்கு ஜொகூரில் வேலை, விடுப்பு கிடைத்தால் வருவார். நான் வேலை பார்க்கும் அரசாங்கக் கல்லூரியிலேயே மகள் கட்டுமானப் பொறியியல் டிப்ளோமா படித்தாள். காலையில் ஒரே காரில்தான் போவோம். இறங்கியதும் என்னைத் தெரியாதவள்போல நடந்துவிடுவாள்.

"உள்ள அம்மான்னுலாம் கூப்பிட மாட்டேன், மேடம்தான். நீங்களும் என்னப் பாத்துச் சிரிக்காதீங்க," என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அது அவளுக்குக் கடைசிப் பருவம். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில், நேராக இரண்டாம் ஆண்டிலேயே சேர்த்துக்கொள்வதாக இடம் கொடுத்திருந்தார்கள். டிப்ளோமா முடிவு அந்த மாதக் கடைசிக்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

முடிவில் பாக்கியிருந்தது திட்டப்பணி மட்டும். அவளும் வகுப்புத் தோழர்கள் நான்கு பேரும் சேர்ந்து செய்தது. கோப்பெங்கைத் தாண்டி ஒரு பழைய ரப்பர்த் தோட்டம். இப்போது முழுக்க எண்ணெய்ச் செம்பனை. தொழிலாளர்களுக்காகக் கட்டிய லயத்து வீடுகளில் இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன. மேட்டில் புதிதாக எழும்பிய வீடமைப்புப் பகுதியின் கால்வாயை அந்தப் பக்கம் திருப்பிவிட்டதிலிருந்து, மழை பெய்தால் அவர்களுடைய அடுப்பங்கரைவரை தண்ணீர் வருகிறது. பிள்ளைகள் அந்தத் தண்ணீரை அளந்தார்கள், கால்வாயை எப்படி மாற்றலாம் என்று வரைந்து காட்டினார்கள். நல்ல வேலை. பெற்றவள் என்பதால் சொல்லவில்லை, வெளியிலிருந்து மதிப்பிட வந்த பொறியாளரும் அதைத்தான் சொன்னார்.

சிக்கல் வேலையில் இல்லை. தலைப்புக்கு அனுமதி கொடுத்தது யார் என்பதில்தான்.

அனுமதி கொடுத்தவர் டிப்ளோமா ஒருங்கிணைப்பாளர். என்னைவிட மூத்தவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் தலைப்புகள் எல்லாம் துறைத் தலைவரின் கையெழுத்தோடுதான் போக வேண்டும் என்று விதியில் இருக்கிறது. முந்தைய தலைவர் அதையெல்லாம் கேட்டதில்லை. 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அண்ணனிடம் விட்டுவிட்டார். அவர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி தனக்குத்தான் என்று அண்ணன் நம்பியிருந்தார். வந்தது வேறொருவர், அண்ணனைவிட இளைய ஒரு பெண்மணி. அவர் விதியை எடுத்து மேசைமேல் வைத்தார். விதிப்படி தலைவர் சொன்னது சரி. வழக்கப்படி அண்ணன் செய்தது சரி. நடுவில் ஐந்து பிள்ளைகள்.

இரண்டு பேருமே தமிழர்கள். என்னையும் சேர்த்தால் துறையில் மூன்றே பேர். தலைவரின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், அப்பா தோட்டத்து ஆபீசில் கிராணியாக, எழுத்தராக இருந்தவர். அண்ணன் பால்மரம் வெட்டிய ரப்பர்த் தொழிலாளர்களின் பிள்ளை. சண்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இருவருமே சொல்வார்கள். கோபம் வந்தால் மட்டும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

"கிராணி வீட்டுப் புத்திலா தங்கச்சி. கையெழுத்து இல்லாம காத்துகூட அடிக்கக் கூடாது அவங்களுக்கு," என்பார் அண்ணன்.

"அவருக்கு எல்லாத்துக்கும் தோட்டத்துச் சங்கம் மாதிரி சண்டை பிடிக்க வேணும். இது காலேஜ் என்டு யாராவது சொல்லுங்கோ," என்பார் தலைவர்.

இரண்டையும் கேட்டுக்கொண்டு, இரண்டு பேரிடமும் சிரித்துக்கொண்டு வேலை பார்த்தேன். உங்கள் ஆட்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து உனக்கு எப்படிச் சோறு இறங்குகிறது என்று ஒரு மலாய்த் தோழி கேட்டாள். பழகிவிட்டது என்றேன்.

தலைப்பு விதிப்படி இல்லாததால் அந்தத் திட்டப்பணிக்கு மதிப்பெண் தர முடியாது, ஐவரும் இன்னொரு பருவம் இருந்து மறுபடி செய்ய வேண்டும் என்ற பரிந்துரையோடு தலைவர் துறையின் தேர்வு முடிவுக் குழுவைக் கூட்டினார். நானும் அதில் உறுப்பினர். முந்தின நாளே என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்கட மகள்ட விஷயம் வரேக்க நீங்கள் வெளியில போக வேணும். தப்பா நினைக்காதேங்கோ. எனக்கும் பிள்ளையள் இருக்கு."

"போறேன் மேடம். அது தெரியும்."

கெண்டினில் அண்ணன் எனக்காகக் காத்திருந்தார். நான் வெளியே போனாலும் குழுவில் அவரும் அவர் பக்கத்தவர் மூவரும் இருப்பார்கள். எங்கள் விதியில் இன்னொன்றும் உண்டு. குழுவில் ஒரே ஒருவர் எதிர்ப்பு என்று சொல்லிவிட்டாலும் தலைவர் தனியாக முடிக்க முடியாது. விஷயம் கல்லூரி இயக்குநருக்குப் போய்விடும். அவர் தீர்த்துவைக்கும்வரை பிள்ளைகளின் தேர்ச்சியை நிறுத்திவைக்கக் கூடாது. ஒரு குரல் போதும்.

"நாங்க இருக்கோம்லா. நீ போயி வெளிய நிம்மதியா உக்காரு தங்கச்சி," என்றார் அண்ணன். என் தே தாரிக் தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார்.

மறுநாள் அந்த விஷயம் வந்ததும் எழுந்து வெளியே போனேன். நடைவழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் சுண்ணாம்பு மலை தெரியும். ஒரு பக்கம் வெட்டியெடுத்து வெள்ளையாக நிற்கும், மறுபக்கம் காடு. உள்ளே பேச்சுக் குரல் உயர்வதும் அடங்குவதும் கேட்டது, வார்த்தை விளங்கவில்லை. ஒரு குரல், ஒரு குரல் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கதவு திறந்தது. அண்ணன் வெளியே வந்தார். அவர் பின்னால் மூவரும், வரிசையாக. அண்ணன் முகம் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தார்.

"கவலைய விடு தங்கச்சி. வாக்கவுட் பண்ணிட்டோம்!"

நாற்காலியிலிருந்து எழுந்தேன். "எதிர்ப்புன்னு யாராச்சும் சொன்னீங்களாண்ணே?"

"சொல்றதென்ன? நாலு பேரு எழுந்திருச்சு வந்துட்டோம். அதவிட என்னா எதிர்ப்பு வேணும்?"

எங்கள் கூட்ட அறைக் கதவு மெதுவாகத் தானே மூடிக்கொள்ளும் வகை. அது இன்னும் முழுதாக மூடவில்லை. அந்த இடைவெளியில் தலைவரின் குரல் தெளிவாகக் கேட்டது. "அடா பந்தாஹான்?" யாரோ இருமினார்கள். "செத்துஜு." அதன்பிறகுதான் கதவு மூடியது.

"உள்ள போங்கண்ணே," என்றேன். "இப்பவே போனா சொல்லிடலாம். போங்க."

"இப்ப உள்ள போனா வெளிய வந்ததுக்கு மரியாதையே இல்லாமப் போயிரும்லா," என்றார் அவர். மற்ற மூவரும் என்னை அன்போடுதான் பார்த்தார்கள். அதில் ஓர் இளைஞர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நால்வரும் படியிறங்கிக் கெண்டின் பக்கம் போனார்கள்.

கதவின் பிடியில் கை வைத்துக்கொண்டு நின்றேன். திறக்கும் உரிமை அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் இல்லை.

மாலையில் காரில் மகளிடம் சொன்னேன். சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. அவள் முன்னாலிருந்த லாரியையே பார்த்தாள்.

"எனக்காகவா வெளிய போனாங்க?"

"ஆமா."

"சும்மா உள்ளயே உக்காந்திருக்கலாமே."

சிக்னல் பச்சையானது, வண்டியை எடுத்தேன். வீட்டுக்கு வந்து மற்ற நால்வரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாள். ஒரு பையனின் தாய் போனை வாங்கி, "ஒங்கம்மா உள்ளதான பாப்பா வேல செய்றாங்க, ஒண்ணும் செய்ய முடியலயா?" என்று கேட்டது அடுப்படியில் நின்ற என் காதுவரை வந்தது. "அவங்கள வெளிய அனுப்பிட்டாங்க ஆன்ட்டி," என்றாள் மகள். எனக்காக அவள் விளக்கம் சொல்லும்படி ஆனது.

மறுநாள் தலைவரைப் போய்ப் பார்த்தேன். அவர் கடுமையாக இல்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு ஆள் வாயத் திறந்திருந்தா நான் மேல அனுப்பியிருப்பன். எனக்கும் அதுதான் விருப்பம். அவங்கள் எழும்பிப் போட்டினம், நான் என்ன செய்யிறது? இனித் தலைப்புகள் என்னட்டத்தான் வரும் என்டு அவர் ரெண்டு வரி எழுதித் தரட்டும். நாளைக்கே அவசரக் கூட்டம் போடுறன்."

அன்று சாயங்காலமே கோப்பெங்குக்கு ஓட்டினேன். அண்ணன் வீட்டு முன்னால் பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை குழாயை மூடவில்லை.

"ரெண்டு வரிதான். ஆனா அதுல கையெழுத்துப் போட்டா நான் இத்தன வருசம் செஞ்சதெல்லாம் தப்புன்னு ஆயிரும்."

"பிள்ளைங்க அஞ்சு பேருண்ணே. மாசக் கடைசிக்குள்ள..."

"தெரியும்லா. எல்லாம் என் பிள்ளைங்கதான்."

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி, "போட்டுக் குடுங்களேன், ஒங்க ரெண்டு பேரு ரோசத்துல பிள்ளைங்க படிப்பு போகணுமா?" என்றார்.

"நீ சும்மா இரு." பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எங்கப்பா கிராணி ஆபீஸ் வாசல்ல தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நிப்பாரு தங்கச்சி. நான் பாத்திருக்கேன். என்னால முடியாது."

அதில் பொய் இல்லை. அவர் அப்பாவின் தொப்பிக்கு என் மகளின் ஒரு வருடம் ஈடாகுமா என்று கேட்டிருக்கலாம். அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு எப்படிக் கேட்பது? காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மாதக் கடைசி வந்தது, போனது. இந்த முறை இடம் தர இயலாது, மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது.

அடுத்த குழுக் கூட்டத்தில் முந்தின கூட்டக் குறிப்பை வாசித்தார்கள். அந்த நால்வரும் 'தலைவரின் அனுமதியுடன் வெளியேறினர்' என்று இருந்தது. அண்ணன் மேசையைத் தட்டினார். யார் அனுமதி கேட்டது, நாங்கள் எதிர்த்து வெளியேறினோம், அப்படியே எழுதுங்கள் என்றார். எதிர்ப்பு என்று யாருமே சொல்லவில்லையே, இல்லாததை எப்படி எழுதுவது என்றார் தலைவர். இப்படியே போனது. நடுவில் வந்த கறிபாப் பலகாரம் ஆறிப்போனது. இரண்டு பக்கத்தவரும் பழைய கூட்டங்களின் குறிப்புகளை எடுத்துவரச் சொன்னார்கள். கடைசியில் 'தங்கள் விருப்பப்படி வெளியேறினர்' என்பதில் இருவரும் ஒத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் களைப்பு.

"அடா பந்தாஹான்?" என்று தலைவர் கேட்டார்.

"அடா," என்றேன். உண்டு என்று.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் எதிர்ப்பு என்ன என்று தலைவர் கேட்டார். அந்த ஐந்து மாணவர்களின் நிலை என்ன, அவர்களை இனி யார் வழிநடத்துவார் என்று இந்தக் குறிப்பில் எங்கும் இல்லை என்றேன். அது முடிந்த விஷயம், குறிப்பில் சேர்க்க இடமில்லை என்றார் தலைவர். அண்ணனும் ஆமாம் என்று தலையாட்டினார். அந்த இருவரும் ஒன்றை ஒரே மாதிரி சொன்னதை நான் பார்த்தது அன்று மட்டும்தான். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். குளிர்சாதனப் பழுது.

பிள்ளைகள் அதே தலைப்பை மறுபடி கொடுத்தார்கள். தலைவர் அன்றே கையெழுத்துப் போட்டார், நல்ல தலைப்பு என்று பாராட்டவும் செய்தார். ஆனால் விதிப்படி இது புதிய திட்டப்பணி. பழைய அளவுகள் செல்லாது. எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும்.

மற்ற நால்வரில் இடையில் இருவர் வேலைக்கும் இருவர் ஊருக்கும் போய்விட்டார்கள், வாரக் கடைசியில்தான் வர முடியும். மழை அதற்குக் காத்திருக்காது. ஒரு நாள் மதியம் கறுத்துக்கொண்டு வந்தபோது, எனக்கும் வகுப்பில்லாததால், நான்தான் மகளைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் லயத்துக்கு முன்னால் தண்ணீர் ஏறியிருந்தது. முதல் வீட்டு அக்கா அரிசி நிறைந்த தகரத் தோம்பைத் தூக்கி மேசைமேல் வைத்துக்கொண்டே மகளைப் பார்த்துவிட்டார்.

"என்னா பாப்பா, மறுபடியுமா? போன தடவ அளந்த தண்ணி பத்தலயா?"

"அதே தண்ணிதான்க்கா. இன்னொருத்தங்க பாக்கணுமாம்."

"அவங்கள இங்க வந்து நிக்கச் சொல்லு. முழங்கா வரைக்கும் நானே காட்டுறேன்."

மகள் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு. நான் செருப்பைக் கழற்றிக் காரில் போட்டுவிட்டு இறங்கினேன். அளவுகோலை என் கையில் கொடுத்து, வீட்டுப் படியோரம் நிற்கச் சொல்லிவிட்டு, அவள் மேட்டில் நிறுத்திவைத்த, மட்டம் பார்க்கும் கருவிக்குப் போனாள். தண்ணீர் குளிர்ந்திருந்தது, காலடியில் சேறு வழுக்கியது.

"அம்மா, நேராப் பிடிங்க. ஏன் ஆடுது?"

"ஆடல, நீ பாரு," என்றேன்.

ஆடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். அவள் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோல் அசையாமல் நிற்பதற்காகக் காத்திருந்தாள்.