பீலியில் ஊற்றிய மஞ்சள் தண்ணி

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பிள்ளைகளைப் பெத்து ஆளாக்கினவள். பேத்தி கண்டியில் வாங்கி வந்த புத்தகத்தின் அட்டையில் தலைவிரி கோலமாக ஒரு பொம்பளை. சூனியக்காரிகளை வேட்டையாடுகிற பேய்க்கதையாம்.

"செமக் கதை அம்மாயி! அவளை எரிக்கிற இடத்துல கைதட்டலாம் போல இருந்துச்சு" என்கிறாள். கூட்டாளிகளும் போனில் அதையே பேசிச் சிரிக்கிறார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்வில பக்கம், இப்போது காடேறிப்போன எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வயிற்றோட்டத்தில் பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்துப்போக, உடுக்கடித்த கோடாங்கி எங்கம்மாதான் சூனியம் வச்சவள் என்று கைகாட்டினான். அன்றிலிருந்து மலைத்தண்ணி விழுகிற பீலியில் அவள் கடைசியாகத்தான் குடம் பிடிக்க வேண்டும், பிடித்து நகர்ந்ததும் "சூனியக்காரி தொட்டுட்டா, ஊத்துங்கடி" என்று மஞ்சள் தண்ணி ஊற்றிப் பீலியைக் கழுவுவார்கள், அது காலையும் மாலையும் எங்கள் வாசலில் மஞ்சளாக வடிந்து போகும், அம்மா குடத்தோடு அதை மிதிக்காமல் தாண்டி வருவாள்.

சாகிறவரை ஒருத்தியும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. இதில் கைதட்ட என்னடி இருக்கிறது?

இதை எழுத்துக் கூட்டி நானே எழுதினேன். இந்தா, வாசி. அவள் பேர் செல்லம்மா. அதைச் சத்தமாக வாசி.